விட்டுவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு 'டிங்'.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் நிவேதா. ஆங்கிலத்தில் நாலே வார்த்தை.

'தே லெட் மீ கோ.'

கீரையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாடா... விட்டுட்டாங்க.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. நிவேதா இரண்டு வாரமாக லீவு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மேனேஜர் 'பார்க்கலாம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வருவாளா மாட்டாளா என்று நான் தினமும் அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் இப்படி ஒரு செய்தி வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? லெட் என்றால் விடு. கோ என்றால் போ. போக விட்டுவிட்டார்கள். இதில் குழப்பத்துக்கு எங்கே இடம்?

உடனே பதில் போட்டேன். 'சூப்பர். எத்தனை நாளைக்கு?'

பதில் இல்லை. வேலையாக இருப்பாள் என்று இன்னொன்று போட்டேன். 'அப்பாகிட்ட சொல்லிடறேன். ரொம்ப சந்தோஷப்படுவார்.'

கொஞ்ச நேரம் கழித்து 'ம்' என்று ஓர் எழுத்து வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போய், 'நிவேதாவை ஒருவழியா விட்டுட்டாங்க. இன்னைக்கே கிளம்பி வர்றா' என்று போட்டேன். அவளுடைய பெரியம்மா, சித்தி, என் நாத்தனார் என்று ஆளாளுக்குப் பூங்கொத்தும் கைதட்டும் அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தபடி சொன்னார்: "அந்த மேனேஜரை நான் என்னமோ நெனச்சேன். நல்ல மனுஷன்தான் போல."

கீரை மறுநாளைக்கு என்று ஃபிரிட்ஜுக்குள் போனது. மூலக்குளம் மெயின் ரோட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நெத்திலி வாங்கி வந்தேன். மகளுக்கு நெத்திலி வறுவல் என்றால் உயிர்.

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி மகன் கார்த்தி பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். அவனும் சாஃப்ட்வேர்தான்.

"அத்தை, நிவி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காடா. இந்நேரம் பஸ் ஏறியிருப்பா."

"அழுதாளா?"

"எதுக்குடா அழணும்? லீவு குடுத்தா யாராச்சும் அழுவாங்களா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அத்தை, அவ என்ன மெசேஜ் போட்டா? அப்படியே படிங்க."

படித்தேன்.

"அத்தை... அது லீவு இல்ல. வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். அவங்க கம்பெனில இன்னைக்கு நெறைய பேரை எடுக்கறாங்கன்னு இங்க பேச்சு. குரூப்ல நீங்க போட்டதைப் பாத்துட்டுதான் டவுட்டா கூப்ட்டேன்."

மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால் என் மகள் 'என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்கம்மா' என்று சொல்லியிருக்கிறாள். நான் 'சூப்பர்' என்று சொல்லியிருக்கிறேன்.

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பத்து தடவையாவது போட்டிருப்பேன். அவள் ஹாஸ்டல் தோழிக்குப் போட்டேன். "பன்னெண்டு மணிக்கே பையோட கிளம்பிட்டா ஆன்ட்டி. ஒண்ணும் பேசல."

ஒண்ணும் பேசல.

பெற்றவர்களுக்கு இந்த வார்த்தை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேப்பரில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றது. என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக வாசலிலேயே இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாமா, போலீஸில் சொல்லலாமா... என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம்.

மூன்றே கால் மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க?"

"காலாப்பட்டுல இறங்கிட்டேன்."

"அங்க ஏன்டி?"

"நீங்கல்லாம் சந்தோஷமா இருக்கீங்க. வீட்டுக்கு வந்து நான் என்ன சொல்றது?"

கட் செய்துவிட்டாள்.

எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் காலாப்பட்டில்தான் அவள் யுனிவர்சிட்டி படித்தாள். தெரிந்த இடம் என்று இறங்கியிருக்கிறாள். ஸ்கூட்டரைக் கிளப்பினோம். ஒரு மணி நேரம் போல இருந்த அந்த அரை மணி நேரத்தில் என் மூளை என்ன செய்தது தெரியுமா? இந்தக் 'கோ'வைப் பிடித்துக்கொண்டு உதைத்தது.

சாதாரண வார்த்தைதானே? ஒன்றாம் வகுப்பில் படித்ததுதானே? கம் என்றால் வா, கோ என்றால் போ. ஆனால் ஆங்கிலத்தில் பால் திரிந்தாலும் 'கோ'. விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைகிறது. அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடிக்கிறது. என்ன நியாயம் இது? கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் மீதிச் சில்லறையை வைத்து 'தேர் யூ கோ' என்றபோது, போகச் சொல்கிறாள் என்று நானும் ஒருமுறை கிளம்பி வந்திருக்கிறேன். பிரெட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு.

எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் 'சா வா?' என்பார். 'போகுதா?' என்று அர்த்தமாம். நலமா என்று கேட்பதற்கு அவர்களுக்கும் 'போ'தான். நாம் மட்டும் என்ன? கரண்ட் போச்சு, மானம் போச்சு, உயிர் போச்சு. அதனால்தானே வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளையை 'போறேன்னு சொல்லாத, போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்துகிறோம்?

என் பெண்ணை யாரோ ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து 'போ' என்று சொல்லியிருக்கிறார்கள். 'வா' இல்லாத 'போ'.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ சூப்பர்னு போட்டதும் தைரியம் சொல்றியோன்னு நெனச்சேன்மா" என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "அப்புறம் எத்தனை நாளைக்குன்னு கேட்ட. சரி, நக்கல் பண்றியோன்னு நெனச்சேன். அப்புறம் குரூப்பைத் தொறந்தா பெரியம்மா கை தட்டியிருக்காங்க."

"எனக்குப் புரியலடி. வளைகாப்புக்கு லீவு விட்டுட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

"லீவா?"

"சத்தியமா."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது.

"உங்கம்மா நெத்திலி வேற வாங்கி வச்சிருக்கா" என்றார் அவர். "ரெண்டு கிலோ."

"ஒரு கிலோதாங்க."

டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி டம்ளர் கழுவ ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்டேன். "ஏண்டி, வேலை போச்சுன்னு தமிழ்ல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டேம்மா. மூணு தடவை டைப் பண்ணேன். எழுத்தைப் பாக்கவே முடியல. அழிச்சுட்டேன். ஹெச்.ஆர். அக்கா சொன்னதையே அப்படியே அனுப்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களும் பாவம்மா. காலைலேர்ந்து ஒவ்வொருத்தரா கூப்ட்டு அதே வார்த்தைய சொல்லிட்டிருக்காங்க. என்கிட்ட சொல்லும்போது தொண்டை கட்டிப்போச்சு."

அந்த ஆங்கில வார்த்தை எதற்காக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்கிறவருக்கு வாய் கூசக் கூடாது. கேட்கிறவருக்கு உடனே வலிக்கக் கூடாது. ஏதோ இவள் பறக்கத் துடித்துக்கொண்டிருந்தது போலவும், அவர்கள் பெரிய மனது பண்ணிக் கையைத் திறந்துவிட்டது போலவும்... மேலே பஞ்சு சுற்றிய வார்த்தை. அவளும் அந்தப் பஞ்சோடேயே எனக்கு அனுப்பினாள், எனக்கு வலிக்கக் கூடாதென்று. நான் பஞ்சை மட்டும் பார்த்துவிட்டுப் பூங்கொத்து வாங்கிக்கொண்டேன்.

குற்றம் யாருடையது? யோசித்துப் பார்த்தால் யாருடையதும் இல்லை. ஆனால் செய்தி வந்த நிமிஷமே ஒரு போன் போட்டுக் குரலைக் கேட்டிருக்கலாம். அது என்னால் முடிந்த காரியம். வாட்ஸ்அப் எழுத்துக்குத் தொண்டை கட்டாது இல்லையா?

"சரி, இப்ப சொல்லு" என்றேன்.

"என்ன?"

"தமிழ்ல."

கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தாள். "வேலை போச்சும்மா." பிறகு என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள்.

அவர் அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், அப்படி உட்கார்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. "விடு பாப்பா. பாத்துக்கலாம்."

அதே 'லெட்'தான். அங்கே அவளை வெளியே அனுப்பின வார்த்தை. இங்கே எங்களிடம் அழைத்து வந்தது.

ஸ்கூட்டரில் மூன்று பேர் ஏற முடியாது. நானும் அவளும் பஸ்ஸில் வந்தோம். அவர் வழி முழுக்கப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எங்கேயாவது இறங்கி ஓடிவிடுவோம் என்பது போல. இரவு குரூப்பில் அவளே ஒரு வரி போட்டாள்: 'லீவு இல்லை, வேலை போயிடுச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வீக்.' பெரியம்மா போன் பண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கைதட்டினதுக்கு.

இதை எழுதும்போதும் அந்த 'ஸ்விட்ச் ஆஃப்' குரல் என் காதில் கேட்கிறது. நிவேதா பாத்ரூமில் ஐந்து நிமிஷம் அதிகம் இருந்தால் கதவைத் தட்டுகிறேன். "இன்னும் இருக்கேம்மா" என்கிறாள் உள்ளேயிருந்து.

நேற்று ஆன்லைனில் ஓர் இன்டர்வியூ. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். நான் சமையலறையில் காரணமே இல்லாமல் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

"இவங்களும் எடுத்துக்கலம்மா. அப்பவே சொல்லிட்டாங்க. பசிக்குது, ரெண்டு தோசை ஊத்து."

ஊற்றினேன். மூன்றாவதும் கேட்டாள்.