புண்ணைத் திறந்துவிட்டுப் போனவர்கள்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரர் வாதம் வந்து படுத்த படுக்கையாகி, இடுப்புக்குக் கீழே புண் வைத்துவிட்டது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா காலையில் வந்து மருந்து வைத்துக் கட்டுவார். புண் ஆறினால்தான் அவரை நாற்காலியில் உட்கார வைக்கலாம். எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் இரண்டு சேர்ந்து குடும்பநலப் பயிற்சி நடத்துகின்றனவாம். வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துப் படிக்க, எங்கள் மேலப்பாளையத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததும் கொடியில் காய்ந்த என் துணிகளை ஒதுக்கிவிட்டுப் பேனர் கட்டினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஒரு பல்கலைக்கழகத்து சார் அவரைப் புரட்டச் சொன்னார். கைலியை விலக்கி, கட்டுத்துணியைப் பிரித்து, புண்ணைக் காட்டிப் பாடம் நடந்தது. பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட முழங்கால் தெரிய உட்காராத மனுஷன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அதையும் போட்டோ எடுத்தார்கள்.

பாடம் முடிந்ததும் சார், "மருந்தும் துணியும் எடுங்க மேடம்" என்றார்.

அடுத்த பல்கலைக்கழகத்து மேடம் முழித்தார். "அது உங்க பொறுப்பு சார். நாங்க கையுறை மட்டும்தான்."

"நாங்க பேனர். மத்ததெல்லாம் நீங்கன்னுதானே பேச்சு?"

அவர்கள் பேசப் பேச, புண்ணில் ஈ உட்கார்ந்தது.

பக்கத்தில் நின்ற என் மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "மாப்பிள வீட்டாளும் பொண்ணு வீட்டாளும் பந்தியில உக்காந்துகிட்டு, சோறு யாரு ஆக்குனதுன்னு கேக்க கதையால்லா இருக்கு!" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பேனரை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்துப் போனார்கள். கழற்றிய கையுறைகள் என் முற்றத்தில் கிடந்தன. ஆள் வரவில்லை. வெந்நீரில் போட்டெடுத்த வெள்ளைத் துணியால் நானே மூடி வைத்தேன்.

மறுநாள் நர்ஸம்மா பார்த்துவிட்டு, "யாரும்மா பிரிச்சது? ஆறி வந்தது இப்படிச் சீழ் கோத்துட்டே!" என்றார்.

அடுத்த வாரமும் அவர்கள் வந்தார்கள். வேற்று ஆண்களிடம் நான் பேசியதே இல்லை. அன்றைக்குக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"மருந்தக் காட்டுங்க. பொறவு உள்ள வாங்க."

சார் பையைத் திறந்தார். பேனர் இருந்தது.

"அப்பம் அங்கன தெருவுலயே நின்னு படிங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

புண் இன்னும் ஆறவில்லை. மருந்தை இருவருமே கொண்டுவரவில்லை. அதில் எனக்கு மறதி இல்லை. பேனர் சாருடையதா மேடத்துடையதா என்பதை மட்டும் நான் மாற்றி எழுதியிருக்கலாம். யாராவது என் மதினியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.