தேதிக்காகக் காத்திருந்த மனு

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. தா.பழூர் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் தகராறில் கணவனைப் பறிகொடுத்த செல்லம்மாள், ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் வந்தார்.

"வெட்டுனவன் பரோல்ல வரானாம் சார். எதுத்த வூடு. வயசுப்புள்ளய வச்சிருக்கேன். அவன வேற ஊருல தங்கச் சொல்லி எழுதுங்க."

அன்றே எழுதினேன். ஆனால் தீர்ப்பு வந்தபோது என் டைரியில் நான் குறித்த தேதி ஒன்றாகவும், அவர் சொன்னது வேறாகவும் இருந்தது. சரிபார்க்கத் திருச்சி கோர்ட்டில் நகல் கேட்டு விண்ணப்பித்தேன்.

"தேதி கெடக்கட்டும் சார். அவரு செத்தது நெசந்தானே?" என்றார். நான் கேட்கவில்லை.

நகல் வர இரண்டு வாரம் ஆனது. டைரித் தேதிதான் சரி. மனுவோடு அரியலூருக்கு, பரோல் விசாரணை செய்யும் அதிகாரியிடம் ஓடினேன்.

"இப்ப வந்து நீட்டுறீங்களே! யாரும் ஆட்சேபிக்கலைன்னு வெள்ளிக்கிழமையே ரிப்போர்ட் அனுப்பிட்டேனே" என்றார்.

அவன் வந்த அன்று செல்லம்மாள் மகளோடு எறையூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார். பெண் முழுப்பரீட்சை எழுதவில்லை. அவன் சிறைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் வரவில்லை.

இப்போதெல்லாம் தேதி தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மனுவை அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுகிறேன். செல்லம்மாளின் மனு மட்டும், எல்லாத் தேதிகளும் சரியாக, என்னிடமே இருக்கிறது.