பறங்கிப் பூவுக்கு மருந்து

பத்து வயதில், எங்கள் கிணற்றுச் சுவரில் குடியிருந்த தேனீக்களை நான் கொன்றேன். பழி என் அத்தையின் கைமீது விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலாவது தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்தே செய்தது.

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, முந்திரிக்காடு முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை, கல்யாணமான இரண்டாம் வருடமே பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டவள். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவளுக்கென்று அங்கே இருந்தது ஒன்றுதான்: கைராசி. அவள் ஊன்றிய விதை காய்க்காமல் போனதில்லை என்பார்கள். விசேஷங்களுக்கு அவளை அழைக்காத வீட்டார்கூட, முதல் விதையை அவள் கையால் போட வேண்டும் என்று வந்து கூப்பிடுவார்கள். அன்று தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போவாள்.

கிணற்றடியில் அவளுடைய பறங்கிக் கொடி படர்ந்திருந்தது. கிணற்றின் உட்சுவரில், கல் பெயர்ந்த ஒரு பொந்தில் தேனீக்கள். விடியலில் குனிந்து காதைக் கொடுத்தால், கிணறு தூக்கத்தில் ஏதோ முனகுவது போலிருக்கும். பூக்கள் மஞ்சளாக விரியும்போது அவை மேலே எழுந்து வரும். தண்ணீரின் குளிர்ச்சியும் அவற்றோடு ஏறி வருவதாக எனக்குத் தோன்றும்.

அந்த வருடம் அப்பா கடலைக்கு ஒரு வெள்ளைப் பொடி வாங்கி வந்தார். ஊரில் எல்லோரும் அதை மருந்து என்றார்கள். காய்ச்சலுக்கு எனக்குக் கொடுத்ததும் மருந்துதான். பறங்கி இலைகளைச் சிவப்பு வண்டு துளைத்துக்கொண்டிருந்தது. அத்தை சாம்பல் தூவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மருந்து போடேன் என்று அப்பா சொன்னதற்கு, "எங் கொடிக்கு வேணாண்ணே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பொடியைப் பழந்துணியில் முடிந்து, ஒரு வாரம், அவள் எழுந்து வருமுன் கொடிமேல் தட்டினேன். இலைக்குக் கொஞ்சம். பூவுக்குள் நிறைய, பூ அழகாக இருந்ததால்.

தேனீக்கள் பூவுக்குள் இறங்கி, மாவு மில்லிலிருந்து வருகிறவர்களைப் போல வெள்ளையாக வெளியே வந்தன. சில தரையில் விழுந்து வட்டமாகச் சுற்றின. மருந்து குடித்தால் எனக்கும் தூக்கம் வரும். அதனால் அவற்றைப் பூவரச இலையில் பொறுக்கி, நிழலில் படுக்க வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் இலையில் எறும்புகள்தான் இருந்தன. மறுநாளும் தட்டினேன். வாரக் கடைசியில் கிணறு முனகுவதை நிறுத்திவிட்டது.

கொடி பூத்துக்கொண்டேயிருந்தது. பிஞ்சுகள் மட்டும் வெளுத்து, சுருங்கி உதிர்ந்தன. "கை ஓஞ்சுபோச்சு போல" என்று அம்மா அத்தையின் காதில் விழும்படி சொன்னாள். புரட்டாசியில் பக்கத்து வீட்டில் கீரை விதைத்தார்கள். அத்தையை அழைக்கவில்லை.

அதே வாரம் பள்ளியில் வாத்தியார் ஒரு பூவைப் பிளந்து காட்டினார். ஆண் பூ, பெண் பூ, நடுவே தேனீ. பூவரச இலையில் நான் படுக்க வைத்தவை நினைவுக்கு வந்தன. வீடு திரும்பியபோது அத்தை கிணற்றடியில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சேறோ சாணியோ எதுவும் அந்தக் கைகளில் இல்லை. நான் வாளியைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாள் விடியலில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தொட்டுக்கொண்டு போனேன். மெல்ல ரீங்காரமும் செய்தேன். இல்லாவிட்டால் பூ நம்பாது என்று தோன்றியது. பல நாட்கள் அப்படிச் செய்ததில் மூன்று காய்கள் நின்றன. அத்தை என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "பாத்தியாடா தம்பி, எங் கை எங்கிட்டும் போகல." ஒரு காயை அவளே பக்கத்து வீட்டுக்குச் சுமந்து போய்க் கொடுத்தாள். தைப் பட்டத்துக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. காய் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பினேன்.

பிறகு நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் பொந்துக்குத் தேனீக்கள் திரும்பவேயில்லை. அத்தைக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். எப்போது போனாலும், பழைய பால்பவுடர் டப்பாவிலிருந்து விதை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிடுவாள். சென்ற பொங்கலுக்குப் போனபோது மருந்து தட்டியதை அவளிடம் சொன்னேன்.

"சின்னப் புள்ள, ஒனக்கென்ன தெரியும்" என்று ஒரே மூச்சில் தள்ளிவிட்டாள். நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசில், ஆண் பூவால் தொட்டதையும் சொன்னேன்.

அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்த மூணு காயும் எங் கை இல்லையா?"

முப்பது வருடம் பாடம் நடத்திய நான் விதை டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

கிளம்பும்போது அவள் டப்பாவைப் புறங்கையால் என் பக்கம் தள்ளினாள்.

"நீயே எடுத்துக்க தம்பி. ஒங் கைதான் ராசி."

அதில் கேலி இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.