குழாய் ஒழுகினால் மாமா நிற்பார்

என் அக்காவின் கணவர் பிளம்பர். அவரோடு ஒரு தெருவாவது நடந்து பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒழுகும் குழாயைக் கண்டால் அவர் கால் தானாக நின்றுவிடும். ஒருமுறை கல்யாண விருந்தில் கை கழுவப் போனவரைக் கடைசியில் நான்தான் தேடிப் பிடித்தேன். வாஷ்பேசினுக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரிந்தது. அப்படிப்பட்டவரோடு மலைக்கோயிலுக்குப் பாதயாத்திரை போகும் வேலையை அக்கா என் தலையில் கட்டினாள்.

அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். மாமா டாக்டரிடம், "பழசையே சரி பண்ண முடியாதாங்க?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார். அன்றைக்கே, ஆபரேஷனுக்கு முன்னால் மலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டும் விட்டார். யாரையும் கேட்கவில்லை.

அக்கா கேட்டதோ ஒன்றே ஒன்றுதான். "வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள திரும்பி வந்துடுங்க. என்னை உள்ள கூட்டிட்டுப் போறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும்."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் கூடப் போடா. இல்லேன்னா வழியில எங்கயாவது உக்காந்துடுவாரு," என்றாள்.

போகும்போது நடை, வரும்போது பஸ். ஒழுங்காக நடந்திருந்தால் புதன்கிழமை காலையில் தரிசனம் முடிந்திருக்கும். ஆனால் கிளம்பும்போதே அவர் பை கனத்தது. திறந்து பார்த்தால் ஒரே ஒரு சட்டை, மற்றதெல்லாம் ஸ்பேனரும் வாஷரும்.

"சாமி கும்பிட எதுக்கு மாமா ஸ்பேனர்?"

"இருக்கட்டுமேடா, யாருக்காவது உதவும்."

உதவியது, ஊருக்கெல்லாம் உதவியது. முதல் விடுதியில் குளியலறைக் குழாய். அடுத்த விடுதியில் தண்ணீர்த் தொட்டி. சாலையோரத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கதவைத் தட்டி, "உங்க பைப்பு சொட்டுதுங்க," என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அந்த வீட்டம்மா அவரைப் புண்ணியவான் என்று வாயாரப் புகழ்ந்தார். நான் வாசலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு என் கால் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு கிளம்பிய கூட்டம் தரிசனம் முடித்து, பஸ்ஸில் எதிரே கையாட்டிக்கொண்டு போனது. மாமாவும் சந்தோஷமாகக் கையாட்டினார்.

வியாழக்கிழமை காலையிலும் மலை ஒரு நாள் நடை தூரத்தில் இருந்தது. மாமா ஒரு டீக்கடைக்குப் பின்னால் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஸ்பேனரைப் பிடுங்கினேன்.

"அங்க ஆஸ்பத்திரியில அக்கா ஒத்தையா படுத்திருக்கா, இங்க உங்களுக்கு இந்தக் குழாய் பெருசாப் போச்சா? இப்பவே பஸ் ஏறுங்க மாமா. வேண்டுதலை அவ வீட்டுக்கு வந்ததும் முடிச்சுக்கலாம்."

"வேண்டுதல் பாதியில நிக்குதேடா."

"நிறுத்தினது யாரு? நீங்கதானே!"

மாமா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க வந்து நான் என்னடா பண்றது? அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். அவ முகத்தைப் பார்க்கணும். என்னால முடியாதுடா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்துபோய்த்தான் மனுஷர் இத்தனை நாளாக என்னையும் வெயிலில் அலையவிட்டிருக்கிறார். பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி அவர் கையில் திணித்தேன்.

"நீங்களே சொல்லுங்க."

"என்னங்க, பஸ் ஏறியாச்சா?" என்றாள் அக்கா.

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார்.



"எனக்கும்தாங்க," என்றாள் அக்கா. "அதனாலதானே பக்கத்துல இருங்கன்னு சொன்னேன்."

மாமா எழுந்தார். கையைக்கூடத் துடைக்காமல், பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.