வேதக்காரிக்குக் காத்த துடக்கு

செத்துப்போன புஸ்பராணியின் மகன் றொனால்ட் எட்டாம் நாள் பூசையோடு எல்லாவற்றையும் முடித்துவிட்டான். முப்பத்தோராம் நாளுக்கு அவர்கள் வக்கான்ஸில், விடுமுறையில், நிற்பார்களாம், கடற்கரையில் வீடும் எடுத்தாயிற்றாம். செவ்ரானில் ஒரு மண்டபத்தில், கையில் றோல்ஸ் தட்டோடு நின்றுதான் அவன் இதைச் சொன்னான். புஸ்பராணியோடு வேலை செய்த சாரதாதேவி தன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ரயிலேறி பாரிஸ் லாச்சப்பலில் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் தலைக்குக் குளித்தாள். குளிர்ப்பெட்டியில் கிடந்த மீனை எடுத்துக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தாள். மிச்ச இருபத்துமூன்று நாளும் துடக்கை, அந்தச் சாவுத்தீட்டை, தானே காப்பதென்று முடிவெடுத்தாள். மச்ச மாமிசம் இல்லை, நல்ல காரியத்துக்குப் போவதில்லை, கோயில் வாசல் மிதிப்பதில்லை. முப்பத்தொரு நாள் முடியும்வரை வேலைக்கும் வரமாட்டேன் என்று, துப்புரவு வேலைக்குப் பொறுப்பான ழான்-மார்க்குக்கு மகள் லக்ஷனாவைக் கொண்டு சொல்வித்தாள்.

"பிறகு?" என்று கேட்டாள் லக்ஷனா.

பிறகைப் பற்றித் தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்படி ஒரு துடக்கை ஊரிலும் ஒருவர் கேள்விப்பட்டதில்லை, பாரிசிலும் கேள்விப்பட்டதில்லை. செத்தவள் மன்னார்க்காரி, வேதக்காரி, சிலுவை போடுகிறவள். இவள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. இரத்தமும் இல்லை, சம்பந்தமும் இல்லை. மரண அறிவித்தலைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது, மகன், மருமகள், பெறாமக்கள், சகலன் என்று இரண்டு பந்திக்கு உறவு கிடந்தது. சாரதாதேவி தன் பெயரை மேலிருந்து கீழாக இரண்டு தரம் தேடினாள். பத்தொன்பது வருஷம் விடிய நாலரைக்கு எழும்பி, ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குப் பக்கத்தில் ஒரே கம்பனிக் கந்தோரை ஒன்றாகத் துடைத்தவளை எந்த முறையில் போடுவது? அப்படி ஒரு முறை கிடையாது.

மச்சாள், அதாவது செத்துப்போன புருசன் தவரத்தினத்தின் தங்கை, கடையில் வைத்து நாலுபேர் கேட்கவே சொன்னாள்: "வேதக்காரிக்கு என்னடியப்பா துடக்கு? அவையளே காக்கிறேல்லை."

ஐயரையும் கேட்டுவந்தாள் மச்சாள். துடக்கே கிடையாது, தாராளமாகக் கோயிலுக்கு வரலாம் என்று அவர் சொன்னாராம்.

"ஐயருக்கு என்ன தெரியும்? அவர் அவளோட வேலைக்குப் போனவரே?" என்றாள் சாரதாதேவி. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் தவரத்தினம் போனபோது அந்தப் புஸ்பராணி என்ன செய்தாள்? மீனில்லாமல் ஒரு நேரச் சோறு இறங்காதவள், முப்பத்தொரு நாளும் மரக்கறி தின்றாள். உனக்கேன் என்று கேட்டதற்கு, உனக்குத் துடக்கென்றால் எனக்கும்தான் என்றாள். முப்பத்திரண்டாம் நாள் விடிய நாலரைக்கு, கல்யாண மோதிரத்தால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். சாரதாதேவி அன்றைக்கு எழும்புகிற எண்ணத்தில் இருக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, எப்போதுமே.

"செத்த மனுசனோட நீயும் சாகிற பிளான் எண்டால் முதலே சொல்லியிருக்க வேணும். நான் வேற ஆள் பிடிச்சிருப்பன். எழும்படி, வெள்ளைக்காரன் வந்து குந்த முதல் துடைக்க வேணும்."

அதற்குப் பிறகு அந்தத் தட்டு, மாரியோ கோடையோ, வேலை நாளில் ஒருநாளும் பிந்தியதில்லை. இந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை அது கேட்கவில்லை. மூளையில் நரம்பு வெடித்ததாம். மூன்றாம் நாள் ஆள் இல்லை.

இருபத்தேழாம் நாள் பிள்ளையார் தேர். இந்த முறை அது சும்மா தேர் இல்லை. கலியாணம் முடித்து எட்டு வருஷத்துக்குப் பிறகு லக்ஷனா வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்தாள், ஏழு மாதம். பிள்ளை தங்கினால் தேரன்று கற்பூரச்சட்டி எடுப்பேன் என்று நேர்த்தி வைத்ததும் சாரதாதேவிதான். தேருக்கு முதல் நாள் மகள் வந்து முதலில் தமிழில் கெஞ்சினாள், பிறகு பிரெஞ்சில் கத்தினாள். அவ எங்கட குடும்பமே இல்லை என்றாள். கடைசியில் அழுதுகொண்டு சொன்னாள்:

"செத்தவைக்கு உங்களிட்டை நேரமிருக்கு. வாறதுக்கு இல்லை. என்னம்மா?"

அது நெஞ்சில் போய்க் குத்தியது. குத்தியும் சாரதாதேவி அசையவில்லை. பிள்ளையார் ஒரு வருஷம் பொறுப்பார், அவருக்கு வேறு வேலை என்ன என்றாள். மகள் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் ரூ பஜோல் தெருப் பக்கமிருந்து மேளம் கேட்டது, சிதறுதேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. மூன்றாம் மாடியில் சாரதாதேவி யன்னலைச் சாத்தி, குசினிக் கதிரையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கற்பூரச்சட்டியை மச்சாள் எடுத்தாளாம். முந்தின வருஷங்களில் இவள் சட்டியோடு நடக்க, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நடந்தவள் புஸ்பராணி. கழுத்தில் சிலுவை தொங்கும், வாய் மட்டும் "அரோகரா" சொல்லும். கேட்டால், சத்தம் போட எல்லாருக்கும் உரிமை இருக்கு என்பாள்.

முப்பத்தோராம் நாள் சாரதாதேவி அறக்குளா மீன் வாங்கிப் புளிவிட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு தட்டுப் போட்டு, எதிர்த்தட்டில் சோறும் மீன் தலையும் வைத்து, பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினாள். செபம் அவளுக்குத் தெரியாது. சைவக்காரி வைத்த குழம்பு மீனுக்கே அவமானம் என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். இன்றைக்குக் குழம்பு உண்மையிலேயே வாயில் வைக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

தின்று, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பார்த்தால், வீட்டில் செய்ய ஒன்றுமே மிச்சம் இல்லை. இத்தனை நாளும் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது அந்தத் துடக்குத்தான். அதுவும் போயிற்று. வேலைக்கு இனி வரவே மாட்டேன் என்று ழான்-மார்க்குக்குச் சொல்லச் சொல்லி லக்ஷனாவுக்குப் போன் அடித்தாள். மகள் எடுக்கவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் நாலரைக்கு முதலே கண் விழித்துவிட்டது. கதவைப் பார்த்தபடி கிடந்தாள். வராது என்று தெரியும். தெரிந்தும் காது அந்தப் பக்கமே கிடந்தது. நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. மேல்வீட்டில் யாரோ தண்ணீர் திறந்தார்கள்.

"வேற ஆள் பிடிச்சிட்டியே?" என்று கதவைப் பார்த்துக் கேட்டாள்.

பிறகு எழும்பினாள். முகம் கழுவி, சப்பாத்தை மாட்டி, வெளியே வந்து கதவைப் பூட்டினாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி ஏறினாள். கையிலிருந்த சாவியால் தன் வீட்டுக் கதவிலேயே இரண்டு தட்டுத் தட்டினாள்.

உள்ளே ஒருவரும் எழும்பவில்லை. படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு இறங்கினாள்.