றஹீமாவின் பெயரில் நான் எழுதியது

தென்மராட்சியில் எங்கள் மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தமிழ்ப் பெண்களும், போர்க்காலத்தில் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டுப் பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பிய முஸ்லிம் பெண்களும் சேர்ந்து தைக்க ஒரு கூடம் வேண்டுமென்று நல்லிணக்க மானியத்துக்கு விண்ணப்பித்தோம்.

படிவத்தில் ‘பாதிக்கப்பட்டவரின் அனுபவம்’ என்றொரு பகுதி இருந்தது. சிறுவயதில் என்னோடு படித்த றஹீமாவின் பெயரில், அவளைக் கேட்காமலே அதை நானே எழுதிவிட்டேன். கண்ணீர், பசி, தீராத வெறுப்பு என்று உருக்கமாக எழுதினால்தான் மானியம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

கொடிகாமம் சந்தையில் அவளுடைய புடவைக் கடைக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். முழுவதையும் நிதானமாக வாசித்தாள்.

“நான் ஒருதரையும் வெறுக்கேல்லை. இதை வெட்டிவிடும்,” என்றாள்.

“அப்ப என்னத்தை எழுத?”

படிவத்தை என்னிடம் திருப்பித் தந்தாள். “நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கு நீர் உங்கடை வாசல் படலையடியிலை நிண்டனீர். ஒரு சொல்லும் கதைக்கேல்லை. எனக்கு அதுதான் நொந்தது.”

“பயந்துபோனன், றஹீமா. என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

“ஓம், தெரியும். எனக்கும் பயந்தான்,” என்று என் கையைப் பிடித்தாள். “இதையே எழுதும்.”

அப்படியே எழுதி அனுப்பினோம். மானியம் கிடைக்கவில்லை. இப்போது என் வீட்டு முன்னறையில்தான் எல்லோரும் தைக்கிறோம்.

அவள் ஊர் திரும்பி ஏழு வருடங்கள். வாரந்தோறும் அவளைச் சந்தையில் கண்டு சிரித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு படிவம் தேவைப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.