கலைமகள் நிறுத்தாத உதை

நெல்லித்தோப்பில் மில் தொழிலாளி அன்பழகன், தனக்குத் தெரிந்த டேக்வாண்டோவை மகள்கள் இருவருக்கும் மொட்டை மாடியில் சொல்லிக்கொடுத்தார். தலைக்கவசம் வாங்க வசதியில்லை. அதனால் கலைமகளும் தங்கை பூர்ணிமாவும் முகத்துக்கு நேரே காலை வீசினாலும், படுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்கள். எட்டு வருடம் அப்படித்தான் பழகினார்கள்.

2003இல் பாண்டிச்சேரி அணிக்கான தேர்வுப் போட்டி நடந்தது. இறுதிச்சுற்றில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். ஜெயிப்பவருக்குத்தான் அணியில் இடம். கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த கலைமகள் காலை வீசினாள். அக்கா நிறுத்திவிடுவாள் என்ற பழக்கத்தில் பூர்ணிமா தடுக்கக் கையைத் தூக்கவே இல்லை. கவசம் போட்டிருந்தும் உதை விழுந்த காதின் செவிப்பறை கிழிந்தது. அந்தக் காது பிறகு கேட்கவில்லை.

விதிப்படி அது செல்லும் உதை; அணியில் இடம் கலைமகளுக்குக் கிடைத்தது. தேசியப் போட்டியில் அவள் வெண்கலம் வாங்கினாள். அப்பா கேட்டபோதும் பதக்கத்தை எடுத்துக் காட்டவில்லை.

2008இல் ஒரு பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்ததும், துணைக்கு வரும்படி தங்கையைக் கூப்பிட்டாள்.

"சும்மா நின்னு பாத்தா போதும்டி. உன்னவிட யாருக்கு நல்லா தெரியும்?"

பூர்ணிமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் கோபமில்லை.

"வேணாங்க்கா. வேற யாரு கை ஓங்குனாலும் எனக்கு ஒண்ணும் ஆவல. நீ பக்கத்துல வந்தாதான் ஒடம்பு தானா ஒதுங்குது. நான் என்ன பண்றது?"

கலைமகள் பயிற்சிக்குப் போனாள். பிள்ளைகளை ஜோடியாக மோதவிட அன்று அவளுக்கு மனம் வரவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள்.